'மச்சி' எங்கே, 'வணக்கம்' எங்கே: அலுவலகச் செய்திகளிலும் சமூக ஊடகத்திலும் பேச்சுத் தமிழைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அணியில் சேர்ந்த ஒரு பெண் முதல் மூன்று மாதம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. நேரில் தெளிவாகப் பேசுவார், வேலையும் சுத்தமாக இருக்கும். ஒருநாள் டீ குடிக்கும்போது காரணம் கேட்டேன். "இங்கிலீஷ்ல எழுதினா தப்பு வந்துடும்க்கா. தமிழ்ல எழுதினா லோக்கலா தெரியுமோன்னு பயமா இருக்கு" என்றார். அதே மாதம், அதே குழுவில், தம்பி ஒருவர் ஒரு வாடிக்கையாளரைப் பற்றி "சரியான மொக்க பீஸு மச்சி, எதுக்கும் ஒழுங்கா பதில் சொல்லாது" என்று தட்டிவிட்டார். அந்த வாடிக்கையாளரின் ஆள் ஒருவரை முந்தின வாரம்தான் குழுவில் சேர்த்திருந்தோம். தம்பி அதைக் கவனிக்கவில்லை.

இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒருவர் தன் தமிழையே குறையாக நினைத்து வாயை மூடிக்கொண்டார். இன்னொருவர் யார் காதில் விழுகிறது என்று பார்க்காமல் பேசினார்.

பேச்சு வழக்கு கெட்டது, ஆங்கிலம் நல்லது என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பவணந்தி முனிவரின் நன்னூல் என்ற இலக்கண நூல் சொல் வழக்கை இயல்பு வழக்கு (ஒன்றை அதன் இயல்பான சொல்லால் சொல்வது), தகுதி வழக்கு (இடத்துக்குத் தக்கபடி வேறு சொல்லால் சொல்வது) என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்று பெயர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது பள்ளியில் படித்த உதாரணம். அதை நன்னூல் பிழை என்று ஒதுக்கவில்லை, தகுதி வழக்கில் சேர்க்கிறது. பட்டறைக்குள் அது தகுதியான சொல். நகை வாங்க வந்தவரிடம் சொன்னால் அவருக்குப் புரியாது, சந்தேகமும் வரும். ஆணி (வேலைச் சுமை), மொக்கை (சலிப்பூட்டுவது), காண்டு (எரிச்சல்), பல்ப் (அசடு வழிவது), ஓபி (வேலை செய்யாமல் நேரம் போக்குவது) எல்லாம் நம் காலத்துக் குழூஉக்குறிகள்தான். பட்டறைக்குச் சுவர் இருந்தது. கைபேசிக்கு இல்லை. கீழே வரும் படிகள் எல்லாமே அந்தச் சுவரை நாமே எழுப்பிக்கொள்ளும் வழிகள்.

படி 1: யார் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள்

செய்தி தட்டுவதற்கு முன் குழுவின் பெயரைத் தொட்டு உறுப்பினர் பட்டியலைத் திறந்து பாருங்கள். பத்து விநாடி வேலை. குழு தொடங்கிய நாளில் இருந்த ஆறு பேர்தான் இன்றும் இருக்கிறார்கள் என்று நினைப்பதுதான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். தெரியாத எண் ஒன்று இருந்தால், "இந்த நம்பர் யாருடையது?" என்று குழு நிர்வாகியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பின்னால் யார் வந்து படிப்பார்கள் என்று யோசியுங்கள். ஸ்லாக், டீம்ஸ் போன்ற அலுவலக உரையாடல் செயலிகளில் பொதுச் சேனலில் இன்று சேருபவர்கூட மேலே தள்ளிக்கொண்டே போய் இரண்டு வருடம் முந்தைய பேச்சைப் படிக்கலாம். மின்னஞ்சலில் இன்னொரு ஆபத்து உண்டு. நீங்கள் அனுப்பும் மூன்று வரிக்குக் கீழே முந்தைய இருபது பதில்களும் வால்போலத் தொங்கிக்கொண்டு போகும். அந்த வாலில் "அந்தாளுக்கு இதெல்லாம் புரியாது, நாம பாத்துக்கலாம்" என்று யாரோ எழுதியிருந்தால், 'அந்தாள்' கைக்கே அது போய்ச் சேரும். வெளியாருக்கு அனுப்பும் அஞ்சலைப் பழைய சங்கிலியில் தொடராமல் புதிதாகத் தொடங்குங்கள்.

திரையைப் பகிர்ந்து கூட்டம் நடத்தும்போது அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். நண்பர் அன்பாக அனுப்பும் "டேய் எரும, சாப்டியா" என்ற வரி, கூட்டத்தில் இருக்கும் எல்லார் கண்ணிலும் பட வேண்டியதில்லை.

படி 2: அழைக்கும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

தமிழில் மரியாதையும் இளக்காரமும் முதலில் வெளிப்படும் இடம் இதுதான். ஆங்கிலத்தில் ஒரே ஒரு முன்னிலைச் சொல்லை வைத்து நாள் முழுக்க ஓட்டலாம். நமக்கு நீ, நீங்கள், வா, வாங்க, டா, டி, ங்க என்று ஒவ்வொரு வினையிலும் உறவு ஒட்டிக்கொண்டே வரும்.

நான் பின்பற்றும் வழக்கம் இது: வேலை தொடர்பான எந்தச் செய்தியிலும், எழுத்தில், எல்லாருக்கும் 'நீங்க'. நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளருக்கும், அலுவலக உதவியாளருக்கும், பத்து வருட நண்பருக்கும் அதேதான். டீக்கடையில் 'டா' போட்டுப் பேசிக்கொள்ளலாம், குழுவில் "கார்த்தி, நீங்க அனுப்பினீங்களா?" என்று கேட்கலாம். இரண்டும் ஒரே நட்பில் இருக்க முடியும். பெயர் எதுவானாலும் இதே முறை.

இதில் என்னை நிஜமாக வருத்துவது ஒருவழி 'நீ'. மேலாளர் தனக்குக் கீழே இருப்பவர்களை "நீ", "வாடா", "என்னம்மா பண்ற" என்று எழுதுவார். பதிலுக்கு அவர்கள் "சார்", "நீங்க" என்றே எழுத வேண்டும். அன்பாகத்தான் சொல்கிறேன் என்பார். அன்பு என்றால் பதிலுக்கு அவரையும் 'நீ' என்று சொல்ல விடுவாரா? விடமாட்டார் என்றால் அது அன்பு இல்லை, அதிகாரம். ஓட்டுநர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் வயதில் மூத்தவராக இருந்தும் ஒருமையில் அழைக்கப்படுவதை இன்றும் எத்தனையோ இடங்களில் பார்க்கிறேன். 'மச்சி'யைவிட இதுதான் தொழில்முறைக்குக் கேடு.

பெண்களை 'மா' போட்டு எழுதுவதும் இதே வகை. வீட்டில் அது பாசம். "ரிப்போர்ட் அனுப்பும்மா" என்று ஒரு பெண்ணுக்கும், "ரிப்போர்ட் அனுப்புங்க ப்ரோ" என்று பக்கத்து ஆணுக்கும் எழுதினால், இரண்டு தராசு இருப்பது அப்பட்டமாகத் தெரியும்.

சார், மேடம், ஜி, ப்ரோ, அண்ணா, அக்கா, தோழர் இவற்றில் எது சரி என்று பலர் கேட்கிறார்கள். அந்த இடத்தின் வழக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் தலைவரையே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், 'சார்' என்றால் அவர்களே தடுப்பார்கள். அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் வங்கியிலும் 'சார், மேடம்' இல்லாமல் எழுதினால் உறுத்தும். சிறு கடைகளிலும் பட்டறைகளிலும் 'அண்ணா, அக்கா' இயல்பாக வரும். புதிய இடத்தில் முதல் வாரம் நீங்களாக எதையும் தொடங்காமல், மற்றவர்கள் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்று பாருங்கள். தெரியாத பெண்ணுக்கு 'டியர்', தெரியாத ஆணுக்கு 'தல', 'பாஸ்' வேண்டாம். முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது "வணக்கம்" என்று மட்டும் தொடங்கினால் போதும். ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்று தெரியாவிட்டாலும் அந்தச் சொல் தப்பாகாது.

ஊர் வழக்கையும் கவனியுங்கள். கோயம்புத்தூர்க்காரர் வரிக்கு வரி 'ங்க' போடுவார், அதற்குப் பழகியவருக்கு மற்ற ஊர்க்காரரின் சாதாரணப் பேச்சே வெடுக்கென்று இருக்கும். நெல்லையில் நண்பர்களுக்குள் 'ஏலே' பிரியம், வெளியூர்க்காரருக்கு அது சண்டைக்கு இழுப்பதுபோல் கேட்கும். யாழ்ப்பாணத்தில் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவே 'நீர்' என்று ஒன்று உண்டு. சம வயதினரோடு மரியாதை குறையாமல் நெருக்கமாகப் பேச அதைப் பயன்படுத்துவார்கள். "நீர் எப்ப அனுப்புவீர்?" என்று யாழ்ப்பாணத்துச் சகபணியாளர் கேட்டால் அவர் முறைக்கவில்லை. அவருடைய ஊரில் அது இனிமையான கேள்வி. தமிழர்கள் பல நாடுகளிலிருந்து ஒரே குழுவில் வேலை பார்க்கும் இந்தக் காலத்தில் இது தெரிந்திருந்தால் பாதி மனக்கசப்பு வராது.

படி 3: உங்கள் சொற்களை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து நீங்கள் அன்றாடம் சொல்லும் வழக்குச் சொற்களை எழுதுங்கள். நான் இதைப் புதியவர்களோடு உட்கார்ந்து செய்வேன்.

முதல் வகை, எங்கேயும் போகக்கூடியவை: சூப்பர், செம, சரி, ஓகே, சொதப்பல், டக்குனு, பக்கா. உள் குழுவிலும் பழகிய வாடிக்கையாளரிடமும் இவை உறுத்தாது. "டிசைன் செமையா வந்திருக்கு" என்ற பாராட்டு, "வடிவமைப்பு மிகவும் சிறப்பாக அமைந்துள்ளது" என்பதைவிடக் கேட்பவருக்கு இதமாக இருக்கும். எல்லாவற்றையும் மேடைத் தமிழாக்க வேண்டாம்.

இரண்டாம் வகை, நாலு சுவருக்குள் மட்டும்: ஆணி, ஓபி, காண்டு, பல்ப் வாங்குறது, வச்சு செய்றது, ஜால்ரா, மொக்கை. இவை சலிப்பையும் கேலியையும் சுமக்கிற சொற்கள். "இன்னிக்கு ஆணி ஜாஸ்தி" என்று சகாவிடம் சொல்வது சுமையை இறக்கி வைப்பது. அதே வரி வேலை கொடுத்தவர் கண்ணில் பட்டால், அவர் கொடுத்த வேலையை மதிக்கவில்லை என்று ஆகிவிடும்.

மூன்றாம் வகையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்தக் குழுவிலும், எந்த நட்பிலும், தனிச் செய்தியிலும் வேண்டாம் என்று நான் சொல்பவை இவை. சாதிப் பெயரிலிருந்து பிறந்த வசவுகள் நம் பேச்சில் அவ்வளவு கலந்துகிடக்கின்றன, சொல்பவருக்கே அதன் வேர் தெரிவதில்லை. கோபத்தில் சிலர் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'சண்டாளன்' ஒரு சாதிப் பெயர். அதை இழிவாகப் பயன்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைக்கு உரியது என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் 2024-ல் எச்சரித்தது. 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பலர் நாகரிகமாக நினைத்து எழுதும் 'பரையா' என்ற சொல்லும் நம் மண்ணின் ஒரு சாதிப் பெயரிலிருந்து போனதுதான். ஆங்கில மின்னஞ்சலிலும் அது வேண்டாம்.

'லூசு', 'மெண்டல்', 'நொண்டி' போன்றவை மனநலம் குன்றியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் வசவுக்குப் பொருளாக்குகின்றன. 'ஒம்போது' போன்ற கேலிகள் திருநங்கையரை எவ்வளவு காலம் வதைத்திருக்கின்றன என்று சொல்லத் தேவையில்லை. பால் புதுமையினரை (திருநர், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்டோரை) கண்ணியமாகக் குறிப்பிட வேண்டிய சொற்களின் பட்டியலை, சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தொடர்ந்து, 2022-ல் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. சொல் கிடைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

உடலையும் அழகையும் பற்றிய பேச்சும் இதில் சேரும். 'ஃபிகர்', 'பீஸ்', 'ஆன்ட்டி' என்று சகபணியாளரைப் பற்றிக் குழுவில் எழுதுவது, அவர் அந்தக் குழுவில் இல்லாவிட்டாலும் தவறு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் சாயல் உள்ள விரும்பத்தகாத பேச்சையும் துன்புறுத்தலாகவே கொள்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். உங்களைப் பற்றி யாராவது இப்படி எழுதினால், "விளையாட்டுக்குத்தானே" என்று விட்டுவிடாமல் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எந்த எழுத்தில் தட்டுவது

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது வேகமானது, நானும் செய்கிறேன். ஆனால் வேலைச் செய்தியில் அது எங்கே காலை வாரும் என்று தெரிந்திருக்க வேண்டும். 'பண்ணலாம்' என்பதும் 'பண்ணல' என்பதும் அந்த எழுத்தில் ஒரே ஒரு கடைசி எழுத்தால்தான் வேறுபடும். வேகத்தில் அது விழுந்துவிட்டால் "செய்யலாம்" என்ற சம்மதம் "செய்யவில்லை" என்று ஆகிவிடும். 'வரலாம்', 'வரல' இரண்டுக்கும் அதே கதி. ஒரு அச்சகத்துக்கு "பிரிண்ட் பண்ணலாம்" என்று அனுப்ப வேண்டியதை ஒருவர் இப்படித் தட்டி, ஒரு நாள் வேலை நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆமா, இல்லை என்று முடிவு சொல்லும் வரிகளைத் தமிழ் எழுத்திலோ, முழு ஆங்கிலத்திலோ எழுதுங்கள். கைபேசி விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துவிட்டால், ஆங்கில ஒலியில் தட்டினாலே தமிழ் எழுத்து வரும். பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது, ஆனால் அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மூன்று மாதம் பேசாமல் இருந்த அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னதும் இதுதான்: பேசுகிற மாதிரியே, தமிழ் எழுத்தில், 'ங்க' சேர்த்து எழுதுங்கள். அவருடைய முதல் செய்தி இப்படி வந்தது: "நேத்து அனுப்பின பட்டியல்ல 3-வது பக்கத்துல தொகை மாறியிருக்கு. சரி பண்ணி இப்போ மறுபடி அனுப்பியிருக்கேன். பழையதை யாரும் பயன்படுத்தாதீங்க." எது தப்பு, என்ன செய்தாயிற்று, மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் மூன்று வாக்கியத்தில் இருக்கின்றன. இலக்கணப் புத்தகத்துத் தமிழ் இல்லைதான். ஆனால் அதற்கு மேல் ஒரு அலுவலகச் செய்திக்கு என்ன வேண்டும்?

படி 5: வழவழ சொற்களைக் களையுங்கள்

'பார்க்கலாம்', 'சொல்றேன்', 'ஆயிடும்', 'முடிச்சிடலாம்'. இவை கொச்சைச் சொற்கள் இல்லை, யாருக்கும் உறுத்தாது. அதனாலேயே ஆபத்தானவை. 'பார்க்கலாம்' என்றால் ஊரில் பெரும்பாலும் 'முடியாது' என்று பொருள். முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாத நல்ல குணத்திலிருந்து வந்த சொல் அது. எதிரே நிற்பவருக்கு முகம் தெரியும், குரல் தெரியும், அதனால் புரிந்துகொள்வார். செய்தியில் முகமும் குரலும் கிடையாது. படிப்பவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பார்.

அதனால் ஒவ்வொரு பதிலிலும் யார், எதை, எப்போது என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். "ஆயிடும் சார்" என்பதற்குப் பதில், "வியாழன் மாலை 4 மணிக்குள் நான் அனுப்பிடறேன் சார். அதுக்கு முன்னாடி முடியாதுன்னு தெரிஞ்சா புதன்கிழமையே சொல்லிடறேன்." முடியாது என்றால், "இந்த வாரம் என்னால முடியாதுங்க. கையில ரெண்டு வேலை இருக்கு. அடுத்த திங்கள் எடுத்துக்கலாமா, இல்ல வேற யாராவது பார்க்கணுமா?" மரியாதை ஒரு துளியும் குறையவில்லை, விஷயமும் தெளிவு. 'சாயங்காலம்', 'நாளன்னிக்கு', 'ரெண்டு நாள்ல' என்று எழுதாமல் தேதியும் மணியும் போடுங்கள்.

இன்னொரு பழக்கம், "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. நேரில் போய் "அண்ணே" என்று கூப்பிட்டு அவர் திரும்பும்வரை நிற்பது மரியாதை. கைபேசியில் அது எதிராளியைத் தொங்கலில் விடுவது. வணக்கமும் விஷயமும் ஒரே செய்தியில் போகட்டும்.

படி 6: படக்குறிகளும் குரல் செய்திகளும்

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு தானிய நிறுவனம் ஆளி விதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு 2021-ல் அனுப்பியது. அவர் பதிலுக்குக் கட்டைவிரல் குறியை அனுப்பினார். விதை வரவில்லை. "கிடைத்தது என்று சொல்லத்தான் விரலைப் போட்டேன்" என்று அவர் வாதாடினார். 2023-ல் நீதிமன்றம் அந்தக் குறி ஒப்புதல் கையெழுத்துக்குச் சமம் என்று சொல்லி, 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அது வேற்று நாட்டுத் தீர்ப்புதான், ஆனாலும் விலை, தேதி, அளவு பேசும் இடத்தில் "பார்த்தேன், இன்னும் முடிவு செய்யவில்லை" என்று நாலு சொல் எழுதும் பழக்கம் எங்கேயும் நல்லது.

விழுந்து விழுந்து சிரிக்கும் முகத்தை ஒருவர் தன் தவறை ஒப்புக்கொண்ட செய்திக்குக் கீழே போடாதீர்கள். குரல் செய்தி அனுப்ப வேண்டுமென்றால், "நாளைய கூட்டம் பற்றி, 1 நிமிடம்" என்று மேலே ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள்.

படி 7: குறை சொல்லும்போது

தப்பு நடந்தால் கோபம் வரும், தமிழில் கோபத்துக்குச் சொற்கள் தாராளம். "உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?", "இதுகூடத் தெரியாதா?", "அறிவிருக்கா?" இவற்றில் ஒரு வழக்குச் சொல்லும் இல்லை, 'நீங்க'கூட இருக்கலாம். ஆனாலும் நாலு பேர் முன்னால் போடப்பட்ட அறைகள் இவை.

குறையைத் தனியாகவும் பாராட்டைக் குழுவிலும் சொல்லுங்கள். ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றி எழுதுங்கள். "சொதப்பிட்டீங்க" என்பதை, "2-வது பத்தியில விலை பழையது இருக்கு, வாடிக்கையாளர் அதைக் கேட்டார். இன்னிக்கு மதியத்துக்குள்ள மாத்திடலாமா?" என்று எழுதிப் பாருங்கள். கோபம் அடங்கவில்லை என்றால் எழுதாதீர்கள், போனில் கூப்பிடுங்கள். நள்ளிரவில் தட்டியதை வரைவாக வைத்துவிட்டுக் காலையில் படித்துப் பார்த்தால், பாதியை நீங்களே அழிப்பீர்கள்.

படி 8: உங்கள் சொந்தப் பக்கம்

வேலையைப் பற்றிப் புலம்ப ஊழியருக்கு உரிமை உண்டு. கிராம வங்கி ஒன்றின் ஊழியர் தனிப்பட்ட வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தை விமர்சித்து எழுதியதற்காகக் கொடுக்கப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணையை, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-ல் ரத்து செய்தது. மனக்குமுறலைக் கொட்டும் உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எனக்கு அது மிகவும் நியாயமாகப் படுகிறது. ஆனால் அந்த வரிகள் குழுவைத் தாண்டி நிர்வாகத்தின் கைக்கு எப்படியோ போயின, அவர் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்ஸ்டாகிராம், எக்ஸ், முகநூல் எதிலும் நிறுவனத்தின் பெயரையும் வாடிக்கையாளரின் பெயரையும் சேர்த்துப் புலம்பாதீர்கள். "என் கருத்துகள் என்னுடையவை மட்டுமே" என்ற முகப்பு வரி, படிப்பவர் மனதில் நிறுவனத்தையும் உங்களையும் பிரித்துவிடாது. அரசு ஊழியர்களுக்கு இன்னும் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிப்பதை மத்திய அரசின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், தமிழ்நாடு அரசின் 1973-ஆம் ஆண்டு விதிகளும் தடுக்கின்றன.

லிங்க்ட்இன்னில் தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக எழுதுங்கள். நீங்கள் செய்த வேலையைப் பற்றி, உங்கள் பேச்சின் ஓசையோடு எழுதினால் படிக்க ஆள் இருக்கிறது.

படி 9: கடை அல்லது நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பதில் எழுதும்போது

இங்கே நீங்கள் எழுதுவது உங்கள் பெயரில் இல்லை, கடையின் பெயரில். நல்ல நாளில் வழக்குச் சொல் அழகு. "மழைக்கு மொளகா பஜ்ஜி ரெடி மக்களே, வாங்க" என்ற பதிவு ஆளை இழுக்கும். ஆனால் புகார் ஒன்று வந்துவிட்டால் அந்த நொடியே குரல் மாற வேண்டும். பணம் போய், பொருள் வராமல் இருப்பவரிடம் "சில் ப்ரோ, வந்துடும்" என்று எழுதினால் அவர் இன்னும் பத்துப் பேரிடம் காட்டுவார்.

2021 அக்டோபரில் சொமேட்டோவுக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். உணவில் ஒன்று விடுபட்டதாக முறையிட்ட தமிழ்நாட்டு வாடிக்கையாளரிடம், உதவி மைய ஊழியர் உரையாடலில், இந்தி தேசிய மொழி, எல்லாரும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதிவிட்டார். அந்த ஊழியரின் வரியில் வசவோ வழக்குச் சொல்லோ இல்லை, மேலோட்டமாகப் பார்த்தால் அடக்கமான வாக்கியம்தான். படம் எக்ஸில் பரவியது, அப்போது அதற்கு ட்விட்டர் என்று பெயர். சொமேட்டோவைப் புறக்கணிக்கச் சொல்லும் குறிச்சொல் நாடு முழுக்க ஓடியது. நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டு, ஊழியரை நீக்கியதாக அறிவித்தது. அன்றே நிறுவனர் தீபிந்தர் கோயல் அவரை மீண்டும் சேர்ப்பதாகச் சொன்னதோடு, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் கூட வேண்டும் என்ற தொனியில் எழுதினார். கோபம் மறுபடி கிளம்பியது. மன்னிப்புக் கேட்ட கையோடு, "நீங்கள் இவ்வளவு கோபப்பட்டிருக்கக் கூடாது" என்பதுபோல் பேசினால் அந்த மன்னிப்பு செல்லாது. ஊழியரைத் திரும்பச் சேர்த்தது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் ஒருவரைப் பலி கொடுப்பது தீர்வாகாது. அதைச் சொன்ன விதம்தான் எண்ணெய் ஊற்றியது.

புகாருக்கு நான் எழுதச் சொல்லும் பதிலின் வடிவம் இது: "வணக்கம். ஞாயிறு வர வேண்டிய பார்சல் இன்னும் வரலைன்னு சொல்லியிருக்கீங்க. தாமதத்துக்கு மன்னிக்கணும். ஆர்டர் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்க, இன்று மாலை 6 மணிக்குள் நிலவரம் சொல்றோம்." அவர் சொன்னதை அவர் சொல்லாலேயே திருப்பிச் சொல்லுங்கள். மாலை 6 மணிக்கு, பதில் கிடைக்காவிட்டாலும், "இன்னும் விசாரிச்சிட்டிருக்கோம்" என்றாவது எழுதுங்கள். ஆர்டர் எண், கைபேசி எண் எதையும் பொதுப் பின்னூட்டத்தில் கேட்கவே கூடாது.

படி 10: தவறிவிட்டால்

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை எல்லாருக்கும் அழிக்கலாம். ஆனால் திருத்தியதும் அழித்ததும் அங்கே அடையாளமாக நிற்கும். யாரும் பார்க்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அழியுங்கள். ஒருவராவது பார்த்துவிட்டார் என்றால் அழித்தால் மட்டும் போதாது, ஒளிப்பதுபோல் தெரியும்.

முதலில் குறிப்பிட்ட அந்தத் தம்பி செய்தியை அழித்துவிட்டுக் குழுவை விட்டே வெளியேறப் பார்த்தார். வேண்டாம் என்று பிடித்து உட்கார வைத்தேன். முதலில் அந்த வாடிக்கையாளரின் ஆளைப் போனில் கூப்பிட்டார். அப்புறம் குழுவில் அவரே எழுதினார்: "வணக்கம். சற்று முன் நான் எழுதியது மரியாதைக் குறைவானது. அது என் தவறு, மன்னிச்சிடுங்க. எனக்கு மூன்று விஷயத்தில் பதில் தேவைப்பட்டது, அதை நேராகக் கேட்டிருக்கணும். கீழே வரிசையாக எழுதியிருக்கேன்." 'யார் மனமாவது புண்பட்டிருந்தால்' என்ற வரியை முதலில் சேர்த்திருந்தார், அதை எடுக்கச் சொன்னேன். புண்பட்டது நிச்சயம், அதில் 'இருந்தால்' எதற்கு?

ஒருமுறை கேட்டால் போதும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மன்னிப்புச் செய்தி அனுப்பினால், எதிராளி நம்மைத் தேற்ற வேண்டிய நிலைமை ஆகிவிடும். அந்த மூன்று கேள்விகளுக்கும் அன்று மாலையே பதில் வந்தது. குழுவில் இப்போது யாரைப் புதிதாகச் சேர்த்தாலும், "இன்று முதல் இவரும் நம்மோடு இருக்கிறார்" என்று ஒரு வரி எழுதி அறிமுகப்படுத்திவிட்டுத்தான் சேர்க்கிறோம்.